பெருந்தமனி வீக்கம்: வயிற்றைத் திறக்கும் அறுவையும் தொடைவழி ஸ்டென்ட்டும் உடலுக்குள் எழுப்பும் எதிர்வினை – கேள்வி பதில்

வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு அறுவை முடிந்த மறுநாள், ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பத்தினரின் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அப்பாவுக்குச் சர்க்கரையே கிடையாதே, ஏன் இன்சுலின் போடுகிறார்கள்? சின்னத் துளைதான் என்றார்கள், பிறகு ஏன் காய்ச்சல்? கைகால் ஏன் வீங்கிக் கிடக்கிறது? இவை தனித்தனி நோய்கள்போலத் தோன்றினாலும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. காயம் பட்டதும் உடல் தன் எரிபொருள், நீர், புரதம் ஆகியவற்றின் கணக்கையே மாற்றி எழுதுகிறது. அந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டால் பாதி பயம் தீர்ந்துவிடும். அதற்காகவே இந்தப் பக்கம்.

பெருந்தமனி வீக்கம் என்பது என்ன?

இதயத்திலிருந்து புறப்பட்டு வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனி அங்கே ஏறத்தாழ 2 செ.மீ. விட்டம் கொண்டது. அதன் சுவர் நலிந்து 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் புடைத்தால் அனியூரிசம் என்கிறார்கள். 65 வயதைக் கடந்த ஆண்களிடம், குறிப்பாகப் புகைபிடித்தவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலும் வலியே இருக்காது; வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும். ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. என்ற அளவை நெருங்கும்போது அறுவை பற்றிய பேச்சு எழுகிறது.

இரண்டு அறுவைகளும் எப்படிச் செய்யப்படுகின்றன?

திறந்த அறுவையில் வயிற்றை நீளமாகக் கீறி, குடலை ஒருபுறம் ஒதுக்கி, வீக்கத்துக்கு மேலே தமனியைக் கவ்வி போட்டு அடைப்பார்கள். பிறகு வீக்கத்தைத் திறந்து, செயற்கை இழைக் குழாய் ஒன்றை உள்ளே வைத்துத் தைப்பார்கள். நலிந்த பகுதியை எடுத்துவிட்டு மாற்றுக் குழாய் பொருத்தும் இந்த முறையை 1951-இல் பாரிஸில் சார்ல் துபோ தொடங்கிவைத்தார். அவர் பயன்படுத்தியது இறந்தவர் ஒருவரிடமிருந்து எடுத்த தமனித் துண்டு. செயற்கைக் குழாய்கள் அதன்பிறகு வந்தவை.

மற்றொரு முறையில் வயிறு திறக்கப்படுவதே இல்லை. இரண்டு தொடையிடுக்குகளிலும் உள்ள தமனிகள் வழியாக, சுருக்கி வைத்த ஸ்டென்ட் கிராஃப்டை (உலோகச் சட்டம் கொண்ட செயற்கை இழைக் குழாய்) எக்ஸ்-ரே திரையைப் பார்த்தபடி மேலே செலுத்தி, வீக்கத்துக்குள் விரிய விடுவார்கள். ரத்தம் புதிய குழாய்க்குள் ஓட, நலிந்த சுவர் அழுத்தத்திலிருந்து விடுபடுகிறது. கார்கிவ் நகரில் நிக்கொலாய் வொலோடஸ் 1987-இல் மார்புப் பகுதிப் பெருந்தமனியில் இதைச் செய்தார். வயிற்று வீக்கத்துக்கு 1990-இல் புவெனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி செய்தார். இன்று மருத்துவர்கள் இதை ஈவார் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இங்கும் அப்படியே அழைக்கலாம்.

காயத்துக்கு உடல் காட்டும் வளர்சிதை எதிர்வினை என்பது எது?

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் என்ற மருத்துவர், கால் எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களின் சிறுநீரைச் சேகரித்து அளந்தார். அதில் நைட்ரஜன் மிக அதிகமாக வெளியேறிக்கொண்டிருந்தது. நைட்ரஜன் போகிறது என்றால் புரதம் கரைகிறது என்று பொருள். அடிபட்ட காலின் தசை மட்டும் கரைந்தால் அவ்வளவு போக முடியாது. அடியே படாத இடங்களிலிருந்தும் உடல் தன் தசையை உடைத்துக்கொண்டிருந்தது. காயம் ஓரிடத்தில் பட்டாலும் எதிர்வினை உடல் முழுவதிலும் நிகழ்கிறது என்பதை அந்த அளவீடு காட்டியது. முதலில் சில மணி நேரம் எல்லாம் ஒடுங்கிக் கிடக்கும் கட்டம், அதன்பின் பல நாட்கள் எல்லாம் வேகமெடுத்து எரியும் கட்டம் என்று 1942-இல் அவர் பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிவு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது.

இதை இயக்கும் பாதைகள் இரண்டு. ஒன்று நரம்பு வழி. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து செல்லும் வலிச் சமிக்ஞை மூளையின் ஹைப்போதலாமஸை எழுப்ப, பிட்யூட்டரியும் அட்ரீனல் சுரப்பியும் விழித்துக்கொள்கின்றன. அட்ரினலினும் கார்ட்டிசாலும் ரத்தத்தில் பெருகுகின்றன. காலையில் லிட்டருக்கு 400 நானோமோல் அளவில் இருக்கும் கார்ட்டிசால், பெரிய அறுவைக்குப் பின் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் 1,500-ஐத் தாண்டக்கூடும். சாதாரண நாட்களில் கார்ட்டிசால் கூடினால் மூளை அதைக் கவனித்து உற்பத்தியைக் குறைக்கும். அறுவைக்குப் பின் அந்தக் கட்டுப்பாடு வேலை செய்வதில்லை.

மற்றது ரத்தத்தின் வழி. சிதைந்த திசுவிலிருந்து, அழற்சியைத் தூண்டும் தூதுப் பொருள்களான சைட்டோகைன்கள் கசிகின்றன. அவற்றில் முதன்மையானது இன்டர்லூக்கின்-6. கீறல் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஏறத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு நாளில் உச்சத்தை எட்டுகிறது. அது கல்லீரலைத் தூண்ட, கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கிறது. இரண்டாம், மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. எகிறியிருப்பது இதனால்தான்.

இந்த இரண்டு பாதைகளையும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த அறுவைக்கும் ஈவாருக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் சுவாரசியமாகிறது.

திறந்த அறுவையில் எதிர்வினை ஏன் அவ்வளவு பெரிது?

வெட்டின் நீளம் மட்டுமே காரணம் என்று நினைப்பது பாதி உண்மை. வயிற்றுக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும்.

குடலை மணிக்கணக்கில் ஒதுக்கி வைக்கும்போது அதன் உறையில் உள்ள நரம்புகள் இழுபடுகின்றன. திறந்த வயிற்றிலிருந்து வெப்பமும் ஈரமும் வெளியேறி உடல் குளிர்கிறது. விழித்ததும் நடுக்கம் எடுத்தால் தசைகள் ஆக்சிஜனை வாரிக் குடிக்கின்றன. ஏற்கெனவே நலிந்த இதயத்துக்கு அது கூடுதல் சுமை. ரத்த இழப்பும் சேர்ந்துகொள்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்தக் கவ்வி. தமனியை அடைத்ததும் இரண்டு கால்களுக்கும் ரத்த ஓட்டம் ஏறத்தாழ நின்றுபோகிறது. ஆக்சிஜன் இல்லாத தசைகள் லாக்டிக் அமிலத்தைத் தேக்கிவைக்கின்றன. குழாயைத் தைத்து முடித்துக் கவ்வியை எடுக்கும்போது தேங்கிய அமிலமும் பொட்டாசியமும் கரியமில வாயுவும் இதயத்தை நோக்கிப் பாய்கின்றன. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. திரும்பி வரும் ஆக்சிஜனே அங்கே வினைபுரியும் மூலக்கூறுகளாக மாறி ரத்தக்குழாய்களின் உட்படலத்தைத் தாக்குகிறது. வெள்ளணுக்கள் கிளர்ந்து நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் சென்று அங்கும் அழற்சியை உண்டாக்குகின்றன. குடலின் சுவரும் சற்றே தளர்ந்துபோவதால், உள்ளே அடைபட்டிருக்க வேண்டிய பாக்டீரியா நச்சுப்பொருள் ரத்தத்தில் கலக்க வாய்ப்பு ஏற்படுகிறது.

மயக்க மருத்துவர் கவ்வியை எடுக்கும் தருணத்துக்கு முன்கூட்டியே திரவமும் மருந்தும் தயாராக வைத்திருப்பார். அறுவை மருத்துவர் கவ்வியை மெல்ல மெல்லத் தளர்த்துவார். அந்த நிமிடங்களில் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே வேலை செய்வது வெறும் பழக்கத்தால் அன்று. நோயாளியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஈவாரில் துளைதான் என்பதால் எதிர்வினையே இருக்காதா?

நரம்பு வழிப் பாதையைப் பொறுத்தவரை வேறுபாடு தெளிவானது. பெரிய வெட்டு இல்லை, குடலைத் தொடுவதில்லை, பெருந்தமனியை நீண்ட நேரம் அடைப்பதில்லை. அட்ரினலின், கார்ட்டிசால் உயர்வு திறந்த அறுவையைவிடக் குறைவு. இன்டர்லூக்கின்-6-ம் பொதுவாகக் குறைவாகவே ஏறுகிறது.

ஆனால் 1990-களில் வந்த சில ஆரம்பகால ஒப்பீடுகள் எதிர்பாராத ஒன்றைக் கண்டன. டி.என்.எஃப்.-ஆல்ஃபா என்ற மற்றொரு அழற்சிப் பொருள் ஈவார் செய்துகொண்டவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது. வீக்கத்தின் உட்புறத்தில் பல ஆண்டுகளாகப் படிந்த பழைய ரத்தக்கட்டி இருக்கும். கம்பிகளும் குழாய்களும் அதை உரசிச் செல்கின்றன. ஸ்டென்ட் விரிந்தபின் அதற்கும் சுவருக்கும் இடையே புதிதாக ரத்தம் உறைகிறது. செயற்கை இழையும் உடலுக்கு அந்நியப் பொருள். வெளியே காயம் சிறியது. தமனிக்குள்ளே அழற்சிக்கான காரணங்கள் நிறையவே இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான பாடம் பித்தப்பை அறுவையில் கிடைக்கிறது. லேப்ராஸ்கோப்பி வழியாகப் பித்தப்பையை எடுக்கும்போது அழற்சி நன்றாகக் குறைகிறது. ஆனால் கார்ட்டிசால், அட்ரினலின் உயர்வு திறந்த அறுவையைவிடப் பெரிதாகக் குறைவதில்லை. தோலில் துளை சிறியதாக இருந்தாலும் வயிற்று உறை தூண்டப்படுவது மாறவில்லை. ஆகவே தோலில் தெரியும் காயத்தை வைத்து உள்ளே நடப்பதை எடைபோடக் கூடாது.

ஈவார் முடிந்த மறுநாள் 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல். தொற்றா?

பெரும்பாலும் இல்லை. காய்ச்சல், வெள்ளணு எண்ணிக்கை 12,000-க்கு மேல், சி.ஆர்.பி. உயர்வு, தொற்றுக்கான சான்று எதுவும் இல்லை என்ற கூட்டுநிலைக்கு ஸ்டென்ட் பொருத்தத்துக்குப் பிந்தைய நோய்க்குறி என்று பெயர். நான் மேலே சொன்ன அழற்சியின் வெளித்தோற்றம் அது. பாலியெஸ்டர் இழையால் ஆன கிராஃப்டுகளில் இது கூடுதலாகவும், பி.டி.எஃப்.இ. என்ற மற்றொரு செயற்கைப் பொருளால் ஆனவற்றில் குறைவாகவும் காணப்படுகிறது. ஓய்வு, காய்ச்சல் மாத்திரை, திரவம் ஆகியவற்றோடு பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் தணிந்துவிடும்.

இதைக் காரணம் காட்டித் தொற்றைத் தேடாமல் விடுவதும் தவறு. ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்து, நுரையீரலையும் தொடையிடுக்குக் காயத்தையும் பார்த்து, தொற்று இல்லை என்று உறுதி செய்த பிறகே இந்தப் பெயரைச் சூட்ட வேண்டும். வீடு திரும்பியபின் காய்ச்சல் மீண்டும் ஏறினாலோ, காயத்தில் சீழ் கசிந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சர்க்கரை நோயே இல்லாதவருக்கு ஏன் சர்க்கரை ஏறுகிறது?

அட்ரினலினும் கார்ட்டிசாலும் கல்லீரலில் சேமித்த சர்க்கரையை வெளியே தள்ளுகின்றன. புரதத்திலிருந்து புதிதாகச் சர்க்கரை உருவாகிறது. அதே நேரத்தில் தசைகள் இன்சுலினின் சொல்லைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கின்றன. காயத்தின் அளவைப் பொறுத்து இது மாறும். திறந்த பித்தப்பை அறுவையை ஆராய்ந்தபோது இன்சுலின் உணர்திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு மூன்று வாரங்கள் பிடித்தன. பெருந்தமனி அறுவை அதைவிடப் பெரியது.

உயர்ந்த சர்க்கரை காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தி, தொற்றுக்கு வழிவிடுகிறது. அதனால் இன்சுலின் போடுகிறார்கள். முன்பு ஐசியூ-க்களில் சர்க்கரையை மிக இறுக்கமாகக் கட்டுப்படுத்தும் போக்கு இருந்தது. 2009-இல் வெளியான நைஸ்-ஷுகர் என்ற பெரிய ஆய்வு, அப்படி இறுக்கியவர்களிடம் இறப்பு கூடியதைக் காட்டியது. இப்போது 180 மி.கி.க்குக் கீழே வைத்தால் போதும், தாழ்சர்க்கரை வந்துவிடக் கூடாது என்பதே பொது நடைமுறை. ஐசியூ-வில் 160 என்று திரையில் கண்டு உறவினர்கள் பதறத் தேவையில்லை.

ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர் என்ன கவனிக்க வேண்டும்?

மருந்துப் பட்டியலை ஒன்று விடாமல் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். முக்கியமாக டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள். பட்டினியும் அறுவையின் எதிர்வினையும் இவற்றோடு சேர்ந்தால், சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடும். குளுக்கோமீட்டர் அதைக் காட்டாது என்பதுதான் ஆபத்து. அறுவைக்குக் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன் இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஈவாருக்கு, எக்ஸ்-ரேயில் ரத்தக்குழாய்கள் தெரிவதற்காக, அயோடின் கலந்த காண்ட்ராஸ்ட் மருந்து தேவை. சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு அந்த நேரத்தில் மெட்ஃபார்மினை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்தபின் மீண்டும் தொடங்குவது வழக்கம்.

வியப்பான ஒன்றும் உண்டு. இதயத் தமனி அடைப்புக்கு வழிவகுக்கும் சர்க்கரை நோய், பெருந்தமனி வீக்கத்தைப் பொறுத்தவரை எதிர்த்திசையில் நிற்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த வீக்கம் குறைவாகவே வருகிறது, வந்தாலும் மெதுவாக வளர்கிறது. மெட்ஃபார்மினுக்கு இதில் பங்கு உண்டா என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

அறுவைக்குப் பின் ஆள் பாதியாக இளைத்துவிட்டார். ஏன்?

காயம் ஆற அமினோ அமிலங்கள் வேண்டும். நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் வேண்டும். உணவிலிருந்து வராதபோது உடல் தசையை உடைத்து எடுத்துக்கொள்கிறது. பஞ்சத்தில் விதைநெல்லை எடுத்துச் சமைப்பது போன்றது இது. இழக்கும் ஒவ்வொரு கிராம் நைட்ரஜனும் 6.25 கிராம் புரதத்துக்குச் சமம். ஈரத்தோடு கூடிய தசையாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 30 கிராம். சாதாரணப் பட்டினியில் சில நாட்களில் உடல் கொழுப்புக்கு மாறித் தசையைக் காப்பாற்றும். காய எதிர்வினையில் அந்தச் சிக்கனம் நிகழ்வதில்லை.

வயதானவர்களுக்கு இந்த இழப்பு கனமானது. இருமிச் சளியைத் துப்பவும், கட்டிலிலிருந்து எழுந்து நிற்கவும் தசைதான் வேண்டும். திறந்த அறுவையில் குடல் சில நாட்கள் அசையாமல் கிடப்பதால் சாப்பாடு தாமதமாகிறது. ஈவாரில் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ சாப்பிடலாம். இந்த ஒரு வேறுபாடே தசை இழப்பில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

நம் வீடுகளில் அறுவை முடிந்தவருக்கு வாரக்கணக்கில் கஞ்சியும் ரசம் சாதமும் மட்டுமே கொடுக்கும் வழக்கத்தை நான் மனதார எதிர்க்கிறேன். முதல் ஓரிரு நாட்களுக்குச் சரி. மருத்துவர் அனுமதித்த பிறகு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. முட்டை, மீன், பருப்பு, தயிர், பன்னீர், சுண்டல் என எது ஒத்துக்கொள்கிறதோ அது. சிறுநீரக நோய் இருந்தால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். கூடவே நடக்க வேண்டும். படுத்தே கிடப்பவரின் தசையில் புரதம் ஒட்டாது.

சிறுநீர் குறைவாகப் போகிறது, கைகால் வீக்கம். சிறுநீரகம் பழுதா?

காயப்பட்ட உடல் நீரையும் உப்பையும் விடாமல் பிடித்துவைக்கிறது. பிட்யூட்டரியின் நீர்காப்பு ஹார்மோனும் அட்ரீனலின் ஆல்டோஸ்டிரோனும் இதைச் செய்கின்றன. முதல் ஓரிரு நாட்கள் சிறுநீர் குறைந்து, பிறகு தானாகப் பெருகி வீக்கம் வடியும். எனினும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் தொடர்ந்து பார்க்க வேண்டும். கவ்வியும் காண்ட்ராஸ்ட்டும் சிறுநீரகத்தை உண்மையிலேயே பாதிக்கக்கூடியவை.

மயக்க மருந்தால் இந்த எதிர்வினையைத் தடுக்க முடியாதா?

ஓரளவு முடியும். முதுகில் எபிடியூரல் குழாய் வழியாக மரத்துப்போகும் மருந்து செலுத்தினால் நரம்பு வழிப் பாதை அடைபடுகிறது. கால் அறுவை, அடிவயிற்று அறுவைகளில் கார்ட்டிசாலும் சர்க்கரையும் ஏறாமல் தடுக்க இதனால் முடிகிறது. மேல்வயிறு வரை திறக்கும்போது முழுத் தடை கிடைப்பதில்லை. சைட்டோகைன்களையோ எபிடியூரல் பெரிதாக அசைப்பதில்லை. அவை ரத்தத்தில் பயணிப்பவை.

டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990-களில் ஒரு வழி காட்டினார். ஒரே மருந்தால் எதிர்வினையை அடக்க முயலாமல், நல்ல வலி நிவாரணம், உடலைக் குளிரவிடாமை, அளவான திரவம், தேவையற்ற குழாய்களைத் தவிர்த்தல், விரைவில் உணவு, விரைவில் நடை என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வது. குடல் அறுவையில் தொடங்கிய அது இன்று பெருந்தமனி அறுவைக்கும் வந்திருக்கிறது.

அதன் ஒரு பகுதி பட்டினி பற்றியது. முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர்கூடக் கூடாது என்ற பழைய விதிக்கு இப்போது ஆதாரமில்லை. திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த திரவத்துக்கு இரண்டு மணி நேரம் என்பதே பெரும்பாலோருக்கான விதி. வெறும் வயிற்றோடு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடந்து மேசைக்குப் போகும் உடல், இன்சுலினை எதிர்க்கும் நிலையில்தான் அறுவையைச் சந்திக்கிறது.

எதிர்வினை குறைவு என்றால் ஈவார்தானே சிறந்தது?

முதல் மாதத்துக்கு, ஆம். பிரிட்டனில் நடந்த ஈவார்-1 ஆய்வின் 2004 முடிவுகளில் 30 நாள் இறப்பு திறந்த அறுவையில் 4.7 விழுக்காடு, ஈவாரில் 1.7. நெதர்லாந்தின் ட்ரீம் ஆய்வில் அறுவையை ஒட்டிய இறப்பு 4.6-க்கு 1.2. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஓவர் ஆய்வில் 3.0-க்கு 0.5. மூன்று நாடுகளிலும் ஒரே திசை. இதயமும் நுரையீரலும் நலிந்த முதியவருக்கு அந்தக் கொந்தளிப்பு குறைவது உயிர் காக்கும் வேறுபாடு என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் ஈவார்-1 நோயாளிகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்தபோது அந்த முன்னிலை கரைந்துபோனது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் திறந்த அறுவை செய்துகொண்டவர்களே கூடுதலாக உயிரோடிருந்தார்கள். ஸ்டென்ட்டின் ஓரத்தில் கசிவு, இடம் நகர்தல், வீக்கம் மீண்டும் வளர்ந்து வெடித்தல் ஆகியவை காரணம். ஈவார் செய்துகொண்டவர் வாழ்நாள் முழுவதும் ஸ்கேன் பரிசோதனைக்கு வர வேண்டியிருப்பது இதனால்தான். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020-இல், வெடிக்காத வீக்கத்துக்கு, உடல் தாங்குபவர்களுக்குத் திறந்த அறுவையையே முன்னிறுத்தியது.

ஆகவே அறுபது வயதில் நன்றாக நடமாடுபவருக்கும், எண்பது வயதில் மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பவருக்கும் ஒரே விடை இருக்க முடியாது. உடல் ஒரு வாரக் கொந்தளிப்பைத் தாங்குமா, அதன்பின் எத்தனை ஆண்டுகள் வாழ வாய்ப்பிருக்கிறது, ஆண்டுதோறும் ஸ்கேனுக்கு வர முடியுமா, வீக்கத்தின் வடிவம் ஸ்டென்ட் பொருந்த இடம் தருமா என்ற நான்கையும் வெளிப்படையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெடித்த பிறகு வருபவருக்கு?

அங்கே கணக்கு வேறு. அறுவை தொடங்கும் முன்பே ரத்த இழப்பாலும் அதிர்ச்சியாலும் எதிர்வினை உச்சத்தில் இருக்கும். 2014-இல் வெளியான இம்ப்ரூவ் ஆய்வில் இரண்டு வழிகளுக்கும் 30 நாள் இறப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது, மூன்றில் ஒன்றுக்கு மேல். ஆனால் ஈவார் செய்துகொண்டவர்களில், முழு மயக்கம் இல்லாமல் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சிகிச்சை பெற்றவர்களிடம் இறப்பு குறைவாகக் காணப்பட்டது. சரிந்துகொண்டிருக்கும் ரத்த அழுத்தத்தை இறுகிய வயிற்றுத் தசைகளும் சுருங்கிய ரத்தக்குழாய்களும்தான் தாங்கிப் பிடித்திருக்கும். முழு மயக்கம் கொடுத்ததும் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மட்டும், மற்ற நாட்களில் நாம் அடக்க முயலும் இந்த எதிர்வினையே நோயாளியைச் சிறிது நேரம் உயிரோடு வைத்திருக்கிறது.